உஷார்! கால் பிடிப்புக்குக் கொயினாவா?

ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இறுகிப்போய், ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கிப் போடும் குரக்களிக்கு, "இதை ஒண்ணு போட்டுக்கோங்க, உடனே கேட்கும்" என்று யாராவது ஒரு மாத்திரையை நீட்டினால், வாங்கி வாயில் போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குயினைன் சல்ஃபேட் என்றோ குயினைன் பைசல்ஃபேட் என்றோ அச்சிட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீட்டியவர் சம்பந்தியாக இருந்தாலும் சரி, மனம் புண்படுமே என்று பார்க்காதீர்கள்.

ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்கு சீசன்களின் புண்ணியத்தில் இந்தக் கணக்கு நம் ஊரில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அத்துப்படி. குயினைன் ஒத்துக்கொள்ளாத உடம்பில் இந்த எண்ணிக்கை ஒரே நாளில் இருபதாயிரத்துக்குக் கீழே, பல சமயம் பத்தாயிரத்துக்கும் கீழே சரிந்துவிடும். ஈறு கசியும், மூக்கில் ரத்தம் வழியும், காலெல்லாம் செம்புள்ளி பூக்கும். சிலருக்கு மூளையில் கசியும். சிலருக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். அத்தனைக்கும் காரணம் கால் வலிக்கு விழுங்கிய ஒரே ஒரு மாத்திரையாக இருக்கலாம்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் விழுங்கியும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மாத்திரைக்கு இவ்வளவு நல்ல பெயர். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது என்பதுதான் பயமே.

கொயினா என்கிற இந்தக் குயினைன் நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. மலைக் காய்ச்சலுக்குக் கொயினா என்று பாட்டன் காலத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். 1820இல் பாரிசில் பெல்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தார்கள். நாற்பது வருடம் கழித்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து அந்தக் கன்றுகளையும் விதைகளையும் இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஊட்டியில் அரசுத் தோட்டத்தைக் கவனித்துவந்த மக்ஐவர் அவற்றை நீலகிரியில் வளர்த்துக் காட்டினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாக் காடு எழுந்தது. நடுவட்டத்தில் அரசாங்கக் கொயினா தொழிற்சாலையே நடந்தது. வால்பாறைப் பக்கம் ஒரு ஊருக்கு இன்றும் சின்கோனா என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் தபாலாபீசில் பொட்டலம் கட்டி விற்ற மருந்து இது. மலேரியாவில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. தபாலாபீசில் விற்றதெல்லாம் விஷமாகவா இருக்கும் என்ற நினைப்பு மட்டும் மிச்சமாகத் தங்கிவிட்டது.

அந்த நினைப்பு அன்றைக்கே தவறு. 1865இலேயே விபன் என்ற ஆங்கிலேய மருத்துவர், குயினைன் சாப்பிட்டவர்களுக்குத் தோலுக்கடியில் ரத்தக்கசிவு வருவதை லான்செட் இதழில் எழுதினார். தட்டணு என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாத காலம் அது. ஆக இந்த எச்சரிக்கைக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. அதன்பின் வந்த தலைமுறைகள் இந்த மருந்தை மலேரியாவோடு நிறுத்தாமல் கால் பிடிப்புக்கும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. குயினைன் தசையின் துடிப்பைக் கொஞ்சம் மந்தப்படுத்தும் என்பது காரணம். அமெரிக்காவில் இது மளிகைக் கடை அலமாரியில் வைத்து விற்கப்பட்டது. மருத்துவர் சீட்டு தேவையில்லை. வயதானவர்கள் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

1994இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கால் பிடிப்புக்கு இதைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடை செய்தது. விற்பனை நிற்கவில்லை, மருத்துவர்களே சீட்டு எழுதினார்கள். 2005இல் 324 மில்லிகிராம் குயினைன் சல்ஃபேட் அடங்கிய குவாலாக்வின் என்ற காப்ஸ்யூலுக்கு மலேரியாவுக்கு மட்டும் என்று சொல்லி அனுமதி கிடைத்தது. 2006 டிசம்பரில், அனுமதியில்லாத மற்ற குயினைன் தயாரிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது நிர்வாகம் வெளியிட்ட கணக்கைக் கவனியுங்கள்: 1969 முதல் வந்து சேர்ந்த கடுமையான பாதிப்புப் புகார்கள் 665. அதில் இறந்தவர்கள் 93 பேர். இது தானாக எழுதிப்போட்டவர்களின் கணக்கு மட்டும். மருந்தின் பக்கவிளைவை யாராவது உட்கார்ந்து எழுதி அனுப்பினால்தான் அது கணக்கில் ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரே கம்பெனியின் சரக்கு மட்டும் சந்தையில் மிஞ்சியதும் விலை எகிறியது. "காலங்காலமாகச் சாப்பிட்ட மருந்தைப் பிடுங்கிக்கொண்டு பணக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று நோயாளிகள் கொந்தளித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. மருந்து வியாபாரத்தின் லட்சணம் அப்படி. ஆனால் கோபம் நியாயமாக இருப்பதால் மாத்திரை பத்திரமாகிவிடாது. உத்தரவுக்குப் பிறகும் அந்தக் காப்ஸ்யூலைக் கால் பிடிப்புக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2005 ஏப்ரலிலிருந்து 2008 அக்டோபர் தொடக்கம் வரை வந்த 38 கடுமையான புகார்களில் பெரும்பாலானவை கால் பிடிப்புக்குச் சாப்பிட்டவர்களுடையவை. ரத்தம் சம்பந்தப்பட்ட பாதிப்புகள் மட்டும் 24. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். 2010 ஜூலையில் நிர்வாகம் மறுபடியும் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியா 2004இலேயே கால் பிடிப்பு என்ற பயனை மருந்தின் அங்கீகாரத்திலிருந்து நீக்கிவிட்டது. பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே இன்றும் 200 அல்லது 300 மில்லிகிராம் குயினைன், ராத்திரி படுக்கும்போது ஒன்று என்று எழுதுகிறார்கள். 2010இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது: வழக்கமாகக் கொடுக்காதீர்கள்; தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்றால் மட்டும் கொடுங்கள்; நாலு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் நிறுத்துங்கள்; தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் ஒருமுறை எழுதிய சீட்டு அப்படியே ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படுவது நடைமுறை.

லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் நேரடி சம்பந்தம் உண்டு. அங்கே மாமியாருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை, இங்கிருந்து போய் மூன்று மாதம் தங்கும் சம்பந்தியம்மாவின் காலுக்கும் போய்ச் சேரும். பிறகு பத்து மாத்திரை பெட்டியில் ஊருக்கு வரும். "லண்டன் மாத்திரை" என்ற மரியாதையோடு அக்கம்பக்கத்திலும் இரண்டு கைமாறும். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைக்கு ஒரு சீட்டு இல்லை, எச்சரிக்கைத் துண்டுக் காகிதம் இல்லை, சாப்பிட்டவர் யார் என்ற பதிவும் இல்லை.

இத்தனை ஆபத்தைச் சகித்துக்கொள்ளும் அளவுக்கு இதில் பலனாவது உண்டா? 23 ஆய்வுகளை, மொத்தம் 1586 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு இருக்கிறது. இரண்டு வாரத்தில் வரும் பிடிப்புகளின் எண்ணிக்கையைக் குயினைன் 28 சதவீதம் குறைத்தது. வலியின் கடுமையை 10 சதவீதம். அதாவது, ராத்திரி வரும் நாலு பிடிப்பில் ஒன்று போகும். மிச்சம் மூன்றும் கிட்டத்தட்ட அதே வலியோடு வரும். இதற்காகவா ரத்தத்தோடு விளையாட வேண்டும்? அமெரிக்க நரம்பியல் அகாடமியும் 2010இல் இதை வழக்கமாகக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

இனி, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது. பாராசிட்டமால் அளவு கூடினால் ஈரல் கெடும்; அது நஞ்சின் கணக்கு, அளவோடு நின்றால் தப்பிக்கலாம். குயினைன் தட்டணுவை அழிப்பது அப்படி அல்ல. கால் பிடிப்புக்குக் கொடுக்கும் அளவு மலேரியா சிகிச்சையின் ஒருநாள் அளவில் ஆறில் ஒரு பங்குதான், இருந்தும் ஆள் விழுகிறார். காரணம், வேலையைச் செய்வது மருந்தல்ல, நம் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள்.

1940களில் லண்டனில் ஆக்ராய்ட் என்ற மருத்துவர் செடோர்மிட் என்ற தூக்க மாத்திரையை வைத்து இதன் நுனியைப் பிடித்தார். நோயாளியின் ரத்தநீரை மட்டும் தட்டணுவோடு கலந்தால் ஒன்றும் ஆகவில்லை. மருந்தை மட்டும் கலந்தாலும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் தட்டணு அழிந்தது. பிறகு மில்வாக்கி நகரில் ரிச்சர்ட் ஆஸ்டரும் அவருடைய குழுவினரும் குயினைனில் இதைத் துருவினார்கள். எதிர்ப்புப் புரதத்துக்கும் தட்டணுவின் மேலுள்ள புரதத்துக்கும் இயல்பில் ஒரு தளர்ந்த பொருத்தம் மட்டுமே இருக்கிறது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் இடுக்கில் ஒரு சிம்பை ஆப்பாக அடித்து இறுக்குவோமே, அந்த வேலையைக் குயினைன் மூலக்கூறு செய்கிறது. இறுகியதும் அந்தத் தட்டணு குறிவைக்கப்பட்டுவிடும். மண்ணீரல் அதை இழுத்துச் சிதைக்கும். ரத்தத்தில் குயினைன் ஓடும் வரை இது நடக்கும். மருந்து வெளியேறியதும் பொருத்தம் விட்டுப்போய், ஓரிரு நாளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

குணமாகிவிட்டதே என்று இங்கேதான் ஏமாறுகிறோம். தட்டணு திரும்பிவிடும், எதிர்ப்புப் புரதம் போகாது. வருடக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முதன்முறை குயினைன் எடுப்பவருக்குப் பிரச்சினை வர ஐந்து முதல் பத்து நாள் பிடிக்கலாம். ஏற்கெனவே எதிர்ப்பு உண்டானவருக்குச் சில மணி நேரம் போதும். தினமும் சாப்பிடுபவரை விட, "வலிச்சா மட்டும் ஒண்ணு" என்று எப்போதாவது எடுப்பவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அளவாகச் சாப்பிடுகிறோம் என்ற திருப்தியோடு அவர்கள் விட்டு விட்டு எடுத்திருப்பார்கள். நாலு முறை ஒத்துக்கொண்டிருக்கும். ஐந்தாவது முறை ஆஸ்பத்திரி.

எவ்வளவு பேருக்கு? குயினைனையும் அதன் உறவான கொயினிடின் என்ற இதய மருந்தையும் சேர்த்து 1993இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்து லட்சம் பேர் ஒரு வாரம் எடுத்தால் கூடுதலாக 26 பேருக்குத் தட்டணு சரிவு வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு இது கடுகளவுதான். வருடம் முழுக்க விழுங்குபவர்களுக்குக் கணக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் போகும். கால் பிடிப்பு உயிரை வாங்கும் நோய் அல்ல என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

அறிகுறிகள் எப்படி ஆரம்பிக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் ஏமாற்றும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர் உதறும். காய்ச்சல் அடிக்கும். குமட்டும், தலை சுற்றும். அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே கடுகு தெளித்த மாதிரி செம்புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையாது. வாய்க்குள் கன்னத்தின் உட்புறமும் நாக்கிலும் கருஞ்சிவப்பாக ரத்தக் கொப்புளம். பல் தேய்த்தால் ரத்தம் நிற்காது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எட்டாயிரம்.

காய்ச்சல், உடம்பு வலி, பிளேட்லெட் குறைவு. இந்த மூன்றையும் அக்டோபர் மாதத்துத் தமிழ்நாட்டில் யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: டெங்கு. நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் வரிசையாக வரும். டெங்குவாக இருக்கவும் வாய்ப்பு நிறைய உண்டு. பரிசோதித்தே ஆக வேண்டும். ஆனால் டெங்குவில் காய்ச்சல் அடித்துச் சில நாள் கழித்துத்தான் பொதுவாக எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். நேற்று மாலை வரை நன்றாக நடமாடியவருக்கு இன்று காலை எட்டாயிரம் என்றால், நேற்று ராத்திரி என்ன விழுங்கினார் என்று கேட்டாக வேண்டும். மலேரியாவே தட்டணுவைக் குறைக்கும் என்பதால், மலேரியாவுக்குக் குயினைன் பெறும் நோயாளியிடம் இதைப் பிரித்தறிவது இன்னும் சிக்கல்.

மருத்துவர் கேட்பார்: "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை என்று பட்டியல் வரும். கால் வலிக்குச் சம்பந்தி கொடுத்தது பட்டியலில் வராது. அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் மருந்தால் வரும் தட்டணுக் குறைவைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜேம்ஸ் ஜார்ஜ் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒழிய நோயாளி குயினைனைச் சொல்லமாட்டார். சொல்லாமல் விட்டால், உடம்பு தானாகவே தட்டணுவை அழிக்கும் ஐ.டி.பி. நோய் என்று முத்திரை விழும். ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். மருந்து நின்றுபோன காரணத்தால் எண்ணிக்கை ஏறும். ஸ்டீராய்டுக்குப் பெயர் கிடைக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து மறுபடி கால் பிடிக்கும், மறுபடி மாத்திரை, மறுபடி சரிவு. "நோய் திரும்பிவிட்டது" என்பார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி, மண்ணீரலை எடுப்பது வரை போனவர்கள் உண்டு. மண்ணீரல் ஒரு பாவமும் அறியாதது.

இன்னும் மோசமான முகம் ஒன்று இருக்கிறது. சிலரின் எதிர்ப்புப் புரதம் தட்டணுவோடு நிற்காமல் ரத்தக்குழாயின் உட்சுவரையும் வெள்ளணுவையும் தாக்கும். நுண்குழாய்களில் ரத்தம் உறைந்துபோய், சிவப்பணுக்கள் நைந்து, சிறுநீரகம் செயலிழக்கும். ஒக்லஹோமாவில் 1989 முதல் பராமரிக்கப்பட்ட பதிவேட்டிலிருந்து இப்படிக் குயினைனால் பாதிக்கப்பட்ட 19 பேரைப் பற்றி 2017இல் கட்டுரை வந்தது. பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பிழைத்தவர்கள் பலருக்குச் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. குயினைன் போட்ட பிறகு குளிர் உதறலோடு சிறுநீர் குறைந்தாலோ, கறுத்துப் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாத்திரையை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. குயினைன் கண்ணாடிப் பாட்டிலிலும் இருக்கிறது. மதுவில் கலக்கும் டானிக் வாட்டர் என்ற சோடாவின் அந்தக் கசப்பு குயினைன்தான். பிட்டர் லெமன் என்ற பானத்திலும் உண்டு. நடன அரங்குகளின் ஊதா விளக்கில் டானிக் வாட்டர் நீலமாக ஒளிர்வதும் இதன் கைங்கரியமே. அமெரிக்காவில் ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். அந்தக் கணக்கில் ஒரு காப்ஸ்யூலுக்கு ஈடாகக் கிட்டத்தட்ட நாலு லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு கிளாஸில் பதினாறு மில்லிகிராம்தான் இருக்கும். எதிர்ப்பு இல்லாதவருக்கு இது ஒன்றுமில்லை. எதிர்ப்பு உண்டானவருக்கு அந்தப் பதினாறும் போதும். 1967இலேயே பெல்கின் என்ற மருத்துவர் காக்டெயிலால் வந்த ரத்தக்கசிவு என்று ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார். மதுவைத் தொடாதவர்களும் தப்பவில்லை: மாத்திரை கிடைக்காதவர்கள், "இயற்கை வைத்தியம்" என்று ராத்திரி ஒரு டம்ளர் டானிக் வாட்டர் குடிக்கும் வழக்கம் வெளிநாடுகளில் பரவலாக இருக்கிறது. இந்தியக் கடைகளிலும் இப்போது டானிக் வாட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. சிங்கோனாப் பட்டைத் தூள் மூலிகை என்ற பெயரில் இணையத்தில் விற்பனையாகிறது. பட்டையாக வந்தாலும் உள்ளே இருப்பது அதே சரக்கு.

கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தவறான மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வேறு மருந்து. மலேரியாவுக்கான குளோரோகுயினும் வேறு. பெயரில் குயின் இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கடுமையான மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிசுனேட் ஊசிதான் முதல் தேர்வு. 2005இல் வெளியான பெரிய ஆசிய ஆய்வில் குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். ஆனாலும் சில நிலைமைகளில் மருத்துவர் மலேரியாவுக்குக் குயினைன் கொடுக்க நேரிடும். அங்கே தராசின் அடுத்த தட்டில் இருப்பது உயிர். முன்பு ஒவ்வாமை இருந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டு, மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். நான் பயப்படச் சொல்வது கால் பிடிப்புக்கு.

இதே வகையில் தட்டணுவைத் தாக்கக்கூடிய மருந்துகள் வேறும் உண்டு: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சல்ஃபா வகையைச் சேர்ந்த கோ-டிரைமாக்ஸசோல், வலிப்புக்கான கார்பமசெபைன், ஆஸ்பத்திரியில் ஏற்றும் வான்கோமைசின். அவற்றுக்கெல்லாம் பெரிய நோய்களைக் குணப்படுத்தும் நியாயம் இருக்கிறது, கண்காணிக்க ஒரு மருத்துவரும் இருக்கிறார்.

வீட்டில் யாருக்காவது அழுத்தியும் மறையாத செம்புள்ளி, வாயில் ரத்தக் கொப்புளம், காரணமில்லாத பெரிய கன்றல், நிற்காத மூக்கு ரத்தம், கறுத்த மலம், திடீரென்று கொட்டும் மாதவிலக்கு என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். கடும் தலைவலி, குழறல், மயக்கம் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு. சந்தேகப்படும் மாத்திரையை உடனே நிறுத்தி, அட்டையோடு கையில் எடுத்துப் போங்கள். அந்த அட்டை பத்துப் பரிசோதனையை மிச்சப்படுத்தும். காய்ச்சலுக்கு என்று ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசியும் வேண்டாம், குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் தேவைப்பட்டால் தட்டணு ஏற்றுவார்கள், இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். ஆனால் வைத்தியத்தின் பாதி, மருந்தை நிறுத்துவதிலேயே முடிந்துவிடுகிறது.

சரி, கால் பிடித்தால் என்னதான் செய்வது? பிடித்த நேரத்தில் பாதத்தின் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். முடிந்தால் எழுந்து குதிகாலை ஊன்றி நில்லுங்கள். வராமல் தடுக்க, படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வில், ஆறு வாரம் தினமும் ராத்திரி இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பும் குறைந்தது, வலியும் குறைந்தது. இதற்குக் காசும் இல்லை, கசப்பும் இல்லை. மெக்னீசியம் மாத்திரை வாங்கிக் குவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வயதானவர்களின் கால் பிடிப்புக்கு அது பெரிதாக உதவுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நீர் பிரிய எடுக்கும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு ஆகியவை பிடிப்புக்குப் பின்னால் இருக்கலாம் என்பதால், வாரத்தில் பல நாள் பிடிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒருமுறை குயினைனால் தட்டணு சரிந்தவருக்கு அது ஆயுளுக்கும் விலக்கு. மாத்திரை, டானிக் வாட்டர், பிட்டர் லெமன், சிங்கோனாப் பட்டை, கொயினிடின் அனைத்தும் அதில் அடக்கம். ஆஸ்பத்திரிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒவ்வாமை என்ற இடத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்தால் குடும்ப மருத்துவரின் கணினிப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு மாத்திரை வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்கும் இன்றே போன் செய்துவிடுங்கள்.